வேரில்லாத கோவா

சுண்ணாம்பு வாளியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வெளியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். ரோட்டோரக் கற்களுக்கு வெள்ளை அடிப்பார்கள். கொடியில் காயும் கிழிந்த துணிகளை உள்ளே எடுக்கச் சொல்வார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த முறை வரவிருந்தவர்கள் எங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல்தான் இங்கே விவசாயம் நடக்கிறதா என்று பார்க்க வருகிறார்களாம். தொழிலாளர் வீட்டில் மருந்தடிக்காத மரக்கறிப் பாத்தி ஒன்றைக் காட்டினால் நல்லது என்று ஆபீசில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை நேரே எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டார்.

காட்டுவதற்கு என் பாத்தியை விட்டால் வேறு இல்லை. நான் லுணுகலை டவுனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். என் கணவர் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆள். அவர் வேலையில் இருக்கும்வரைதான் லயத்தில் எங்களுக்கு இந்த ஒற்றை அறைக் காம்பரா. அதற்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்கு இந்தப் பக்கம், ஒரு துண்டு நிலம். நாங்கள் வந்தபோது அங்கே கல்லும் உடைந்த ஓடும்தான் கிடந்தன. மண்ணென்று சொல்ல ஒன்றுமில்லை. மண்ணை நான்தான் உண்டாக்கினேன். அடுப்புச் சாம்பல், பலாச் சருகு, பக்கத்து வீட்டு ஆட்டுப் புழுக்கை, எல்லாவற்றையும் குழியில் போட்டு மக்க வைத்தேன். லுணுகலைக் கடைகளில் எறியும் அழுகல் மரக்கறியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டு வருவேன். "அக்கா, இந்த நாத்தத்துக்கும் ஒரு டிக்கட் எடுங்க" என்று கண்டக்டர் தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும். வருஷக் கணக்கில் சேர்த்த அந்த மண்ணைக் கிண்டினால் மண்புழு நெளியும். போஞ்சி, வல்லாரை, பொன்னாங்காணி, மிளகாய் என்று வீட்டுக்கு வேண்டியது எல்லாம் அதில் விளைந்தது.

அந்தத் துண்டைத் தோட்டம் திருப்பி எடுத்துத் தேயிலை நாற்று வைக்கப்போகிறது என்று கொஞ்ச நாளாகப் பேச்சு அடிபட்டது. அதனால் கணக்கப்பிள்ளையிடம் நேரடியாகவே கேட்டேன்.

"ஐயா, இந்தத் துண்டு எங்களுக்கே இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"மொதல்ல வர்றவங்க சந்தோசமா போகட்டும். நீ வாயத் தொறக்காம சிரிச்சிக்கிட்டு நின்னா போதும், நான் தொரைகிட்ட பேசுறேன்" என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தபோது லயத்து வாசலிலேயே அந்த மருந்து வாடை மூக்கில் ஏறியது. கானோரத்துப் புல்லெல்லாம் நனைந்திருந்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா அடிச்சீங்க?"

"கானுல புல்லு இருந்தா பாக்க அசிங்கமா இருக்குமாம். காலையில வேல பிரிக்கிற பெரட்டுல என் பேரச் சொல்லிட்டாங்க. தாழ்த்தித்தான் அடிச்சேன் புள்ள. காத்து தூக்கிருச்சு."

மருந்தடிக்காத பாத்தியைக் காட்டுவதற்காக மருந்தடித்திருக்கிறார்கள்! இந்தப் புத்தி தோட்டத்து ஆபீசைத் தவிர வேறெங்கே வரும்? வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவுமில்லை. போஞ்சிக் கொடி சுருண்டு பழுத்து விழுந்தது. மிளகாய் துவண்டது. அதே மருந்து பட்ட சுவரோரத்து வல்லாரை மட்டும் ஒன்றும் நடக்காததுபோலப் பச்சையாக நின்றது.

வெளிநாட்டுக்காரர்கள் வரும் நாள் காலையில் ட்ராக்டரில் பண்டாரவளைச் சந்தை முட்டைக்கோவா வந்து இறங்கியது. வேர்கூட இல்லை, வெறும் உருண்டைகள். பட்டுப்போன போஞ்சியைப் பிடுங்கிவிட்டு, குழி பறித்து, கோவாவை வரிசையாக வைத்து, சுற்றி மண்ணை அணைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கோவாவை மண்ணில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றேன். எனக்கு அந்தத் துண்டு வேண்டும்.

வந்தவர்களில் நரைத்த முடியோடு ஒரு அம்மா இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பாராட்டிப் பேசினார். வல்லாரையைப் பச்சையாகவே தின்னலாம் என்று ஆபீஸ்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா குனிந்து ஒரு கொத்துக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனார். நான் கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை.

அந்த அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன்.

"தின்னாதீங்க! மருந்து பட்டது!" என்று கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. மருந்துப் போத்தலில் மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே இருக்கும் சொல் எனக்குத் தெரியும். "பொய்சன்! பொய்சன்!" என்றேன். அது புரிந்தது. அவர் முகம் மாறியதையும் கண்டேன்.

எதிர்பார்த்ததுதான். அடுத்த வாரமே நாற்று வைக்க அந்தத் துண்டு வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். மருந்து பட்ட மேல்மண்ணை வழித்து எறிந்துவிட்டு, அடிமண்ணை வெட்டிச் சாக்குகளில் நிரப்பினேன். கணக்கப்பிள்ளை வந்து நின்றார்.

"என்னா செய்யிற? மண்ண அள்ளக் கூடாது. அதுவும் தோட்டத்து மண்ணு."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"சரிங்க ஐயா. இதுல என் அடுப்புச் சாம்பல் இருக்கு. என் புள்ளைங்க தின்ன மிச்சம் இருக்கு. லுணுகலையிலேர்ந்து நான் சொமந்த அழுகல் இருக்கு. அதெல்லாத்தையும் பொறுக்கி எனக்குக் குடுத்துட்டு, மிச்சத்த நீங்களே வச்சிக்கங்க."

அவர் அங்கேயே நின்றார். என் கணவர் இறங்கி வந்தார். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி வெட்ட ஆரம்பித்தார். நான் அடுத்த சாக்கை விரித்துப் பிடித்தேன்.