துணைக்கால் விட்டுப்போன பத்தியம்

"நான் மடிச்சுப் போட்ட இலையை நாய் மோந்து பார்த்துட்டு, ஏமாந்து, என்னையும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போவும் வே. அம்பத்திரண்டு வருசத்துல இலையில ஒரு பருக்கை மிச்சம் வச்சது கெடையாது."

சொல்லிக்கொண்டே ஆவுடைநாயகம் பிள்ளை மூட்டைக்குள் கையை விட்டு நாலு நெல் எடுக்கிறார். நகத்தால் உமியைக் கழற்றி, உள்ளிருக்கும் அரிசியை முன்பல்லில் வைத்து ஒரு கடி. கண் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் நெல் பேட்டையில் வண்டிமாடுகூடக் கழுத்து மணியை ஆட்டாது. "கன்னடியன் கால் தண்ணி," என்கிறார். "மடையிலேருந்து நாலாவது வயலு. அறுத்த அன்னிக்குத் தூத்தல் விழுந்திருக்கு. என்ன வே, சரிதான?" கல்லிடைக்குறிச்சியிலிருந்து நெல் கொண்டுவந்தவர், தம் வீட்டு ரகசியத்தைப் பிறர் வாயால் கேட்டவர்போல் நிற்கிறார்.

தாமிரபரணியிலிருந்து பிரியும் வாய்க்கால்களைக் கால் என்று சுருக்கிச் சொல்வது எங்கள் சீமை வழக்கம். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று ஒவ்வொரு காலுக்கும் ஒரு தனி ருசி இருப்பதாகத் தரகர் பிள்ளையவர்கள் சாதிக்கிறார். சர்க்காரிடம் இந்த வாய்க்கால்களுக்கு வரைபடம் இருக்கிறது. பிள்ளையிடம் நாக்கு இருக்கிறது. இரண்டும் மாறுபட்டால் திருநெல்வேலியில் வரைபடத்தைத்தான் சந்தேகிப்பார்கள்.

இப்பேர்ப்பட்ட நாக்கைச் சுமக்கும் உடம்பு சாமானியமாக இருக்க முடியுமா? போன வருஷம் வரையில் பிள்ளை தெருமுனையில் திரும்பினால் முதலில் வயிறு திரும்பும். அது திரும்பி முடிந்த தகவல் கிடைத்தபிறகு மற்ற அங்கங்கள் திரும்பும். தம் பாதங்களை அவர் கடைசியாக நேரில் கண்டது விக்டோரியா மகாராணி உயிரோடிருந்த காலத்தில். உட்காருவதற்கு நெல்மூட்டை, அது இல்லாவிட்டால் பெஞ்சு. தரையோடு அவருக்கு இருந்த உறவு விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அதைப்பற்றி அவரும் கவலைப்படவில்லை, தரையும் கவலைப்படவில்லை.

போன ஆவணியில் அவருடைய ஒரே மகள் சண்முகசுந்தரிக்கு நிச்சயதாம்பூலம் நடந்தது. மாப்பிள்ளை ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். தட்டு மாற்றுவதற்காகப் பிள்ளை பாயில் சம்மணம் போட்டு உட்கார முயன்றார். வலது கால் மடங்கியது. இடது கால், பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளிபோல் வெளியே நீண்டு நின்றது. அதை உள்ளே அழைக்கப் போன முயற்சியில் பிள்ளை பைய, மிக்க மரியாதையுடன், பின்பக்கமாகச் சாய்ந்தார். தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. சம்பந்தி கையில் தட்டுடன் மச்சுப்பலகையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பிள்ளையின் தம்பி தாணுமாலையன் பிள்ளைக்கு ஒட்டடைக் கம்பு உடம்பு. அவர்தான் கூட்டத்தின் நடுவே அதைச் சொன்னார். "அண்ணாச்சி மணையில உக்காந்து எந்திரிக்கதுக்குள்ள முகூர்த்தம் போயிரும். தையில கல்யாணத்தன்னிக்குத் தாரையை நான் வார்த்துருதேன். நம்ம பிள்ளைதான."

நியாயமான யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை கையில் மகளின் கையை வைத்து, நீர் வார்த்துக் கொடுப்பவர் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாக வேண்டும். அது முடியாதவர் வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் சந்தனம் கொடுக்கலாம். பிள்ளை அன்று நாலாவது தடவை பாயசம் கேட்கவில்லை என்பதிலிருந்து அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருந்தது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

"ஏளா, பெத்தவன் நான். அவ கையைப் பிடிச்சுக் கொடுக்கது அவனா?" என்றார் மனைவியிடம்.

"அதுக்கு நீங்க கீழ உக்காரணும்லா," என்றாள் வடிவம்மாள்.

மறுநாளே பிள்ளை வைத்தியர் சுப்பராமையரிடம் போனார். ஐயர் பிள்ளையின் வயிற்றைச் சுற்றி ஒரு கயிற்றை ஓட்டி, அளவு வந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, கயிற்றைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு பத்தியம் சொன்னார்: "பகல்ல ஒரு வேளை அளவா அன்னம். ராத்திரிக்கு அன்னம் கூடவே கூடாது. பலாகாரம் மாத்திரம். நாற்பது நாள் கழிச்சு வாரும்."

ஒரு நெல் தரகர் இரவுச் சோற்றை விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். விளக்கு வைத்தபின் சோற்றுப்பானை இருக்கும் திசையில்கூட அவர் திரும்பவில்லை. நாற்பது நாளும் வைராக்கியம் குலையவில்லை. நாற்பத்தோராம் நாள் ஐயர் கயிற்றை எடுத்து ஓட்டிப் பார்த்தார். நுனியும் முடிச்சும் ஒன்றையொன்று தொட மறுத்தன. இடையில் மூன்று விரற்கடை வயிறு புதிதாக நின்றது.

"ராத்திரி என்ன சாப்பிடறீர்?"

"சாமி சொன்னதுதான். பலகாரம்."

"என்ன பலகாரம்?"

"நேத்து அடை. முந்தாநாள் இட்டிலி, பதினாலுக்கு மேல தொடலை. வெள்ளிக்கிழமை மட்டும் சுசியம். அதுவும் நல்லெண்ணெய்ல சுட்டது, உடம்புக்குக் குளிர்ச்சின்னு."

ஐயர் கயிற்றைக் கீழே வைத்தார். "ஓய், நான் சொன்னது பலாகாரம். பலம்னா பழம். பழத்தை ஆகாரமா சாப்பிடும்னேன்."

"பலகாரம். பலாகாரம்." பிள்ளை இரண்டையும் வாயில் போட்டு, நெல்லைக் கடிப்பதுபோல் கடித்துப் பார்த்தார். "நடுவுல ஒரு கால் விட்டுப்போச்சு சாமி," என்றார்.

ஆற்றிலிருந்து பிரியும் அத்தனை காலையும் நாக்கு நுனியில் வைத்திருந்தவரை, எழுத்துக்குப் பக்கத்தில் போடுகிற ஒரு துணைக்கால் கவிழ்த்துவிட்டது. தைக்கு இன்னும் மூன்று மாதந்தான் இருந்தது. அதற்குள் பேட்டை முழுவதும் செய்தி போய், "அண்ணாச்சி, இன்னிக்குக் கால் உண்டா, இல்லையா?" என்று வண்டிக்காரர்கள்வரை விசாரிக்கத் தொடங்கினார்கள். தாணுமாலையன் பிள்ளையோ தாரை வார்க்கும்போது கட்டிக்கொள்ளப் புதுப் பட்டு வேட்டி எடுத்திருந்தார்.

இந்தத் தடவை பிள்ளை காலோடு கூடிய பத்தியத்தையே பிடித்தார். பகலில் இரண்டு பிடி சோறு, இரவில் இரண்டு வாழைப்பழம். வரத்துக் குறைந்தால் போக்கும் குறையும் என்பது வாய்க்காலுக்கு மட்டும் பொருந்தும் விதியல்ல. ஆறு நாள் ஆயிற்று. பிள்ளை காலையில் குறுக்குத்துறை ஆற்றங்கரைப் பக்கம் ஒதுங்கப் போவார். போன முகத்தோடேயே திரும்புவார். ஏழாம் நாள் மேலப்பாளையத்தில் ஹாஜாவின் மருந்துக்கடைக்குப் போய், ஆள் இல்லாத சமயம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மடை அடைச்சுக்கிட்டு ஹாஜா."

"எத்தனை நாளா அண்ணாச்சி?"

"போன திங்கக்கிழமையிலேருந்து."

ஹாஜா ஒரு தகர டப்பாவைத் திறந்து, படகு வடிவத்தில் மங்கலான ரோஜா நிறத்தில் கிடந்த சின்னஞ்சிறு விதைகளை உள்ளங்கையில் கொட்டினார். "இசப்கோல். பாரசீகத்துல இதுக்கு அர்த்தம் குதிரைக்காது. ஒரு சின்னக் கரண்டி, ஒரு தம்ளர் தண்ணில ஊறப்போட்டு முழுங்கணும். மேல ஒரு செம்பு தண்ணி குடிக்கணும். தண்ணி கொறஞ்சா உள்ள போய் அணை கட்டிரும், பார்த்துக்கிடுங்க."

தானியம் என்று எதைக் கண்டாலும் கடிக்காமல் பிள்ளை கையை விட்டுக் கீழே போட்டதில்லை. ஒரு விதையை முன்பல்லில் வைத்தார். கண் மூடிக்கொண்டது. விதை உடையவில்லை. வழுக்கிக்கொண்டு நாக்கின் அடியில் போய், வழவழவென்று அங்கேயே பருத்தது. தாம் கடித்தும் ஊர் சொல்ல முடியாத தானியம் ஒன்று உலகில் உண்டென்பதைப் பிள்ளை அன்று கண்டிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அவரோ கண்ணைத் திறந்து, "இது எந்தக் கால் தண்ணியும் பாயாத ஊர்ல விளைஞ்சது," என்றார். "மழையும் கொறச்சல். அதாம் ஈரத்தைக் கண்ட எடத்துலல்லாம் குடிக்கு."

ஹாஜா டப்பாவைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். குஜராத்தின் வறண்ட காட்டுப்பக்கம் ஏதோ ஒரு பேர் அதில் இருந்தது. அதை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, விதையைப் பொட்டலம் கட்டினார்.

அன்றுமுதல் காலையில் விதையை ஊறப்போட்டுக் கொண்டுவந்து நிற்பது சண்முகசுந்தரியின் வேலை ஆயிற்று. கரண்டியளவு விதை தம்ளர் நிறையப் பொங்கி, கலங்கிய கோந்துபோல் அசையும். தவளை முட்டை என்று வடிவம்மாள் அதற்குப் பேர் வைத்தாள். பிள்ளை தம்ளரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், மகளைப் பார்ப்பார்.

"கோந்தைக் குடிக்கச் சொல்லுதியேட்டி."

"குடிச்சாத்தான் நீங்க மணையில உக்காரலாம். உக்காந்தாத்தான் என்னைய நீங்க கொடுக்கலாம்."

"போறதுக்கு அம்புட்டு அவசரமா ஒனக்கு?"

"செம்புத் தண்ணி பாக்கி இருக்கு. அதைக் குடிங்க முதல்ல."

மூன்றாம் நாள் காலை குறுக்குத்துறையிலிருந்து பிள்ளை திரும்பிய கோலத்தை வருணிக்க எனக்குச் சக்தியில்லை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம், கேளாமலே, "மடை திறந்துட்டு," என்றார். கேட்டவர்கள் மழைச் செய்தி என்று எண்ணிச் சந்தோஷப்பட்டார்கள். அதைவிடப் பெரிய அற்புதம் பின்னால் வந்தது. காலையில் உள்ளே போன குதிரைக்காது பகல்வரை இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், இரண்டு பிடிச் சோற்றிலேயே பிள்ளைக்கு வயிறு நிறைந்தது. பசியில்லாத பிள்ளையை முதன்முதலாகப் பார்த்த வடிவம்மாள் பயந்துபோய்ச் சுப்பராமையருக்கு ஆள் அனுப்பினாள். ஐயர் கயிற்றோடு வந்தார். நுனி முடிச்சைத் தொட்டு, அதைத் தாண்டியும் போயிற்று.

கார்த்திகையில் பிள்ளை தம் பாதங்களைக் கண்டார். "ஏளா, வலது சுண்டுவிரல் இப்படிக் கோணலா இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே," என்று மனைவியைக் கடிந்துகொண்டார். மார்கழி முழுவதும் காலையில் மணை போட்டுப் பழக்கம் நடந்தது. வடிவம்மாள் பின்னால் தலையணையோடு நின்றாள். வலது கால் மடங்கும். இடது கால் ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை உள்ளே வரும். மறுநாள் கோபித்துக்கொண்டு பழைய இடத்துக்கே போகும். கல்யாணத்துக்கு முதல் நாள்வரை அது முழுச் சம்மதம் தரவில்லை.

தை முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. மாமனாரின் இடது காலையே பார்த்தார்கள். தாணுமாலையன் பிள்ளை புதுப் பட்டு வேட்டியோடு, கூப்பிட்டால் வரத் தோதாக, இரண்டடி தள்ளி நின்றார். பிள்ளை மணைக்கு முன் நின்று மூச்சை இழுத்தார். மெள்ளத் தாழ்ந்தார். வலது கால் மடங்கியது. இடது கால் தயங்கி, நின்று, பிறகு தானாகவே வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு மூச்சைத் தவறவிட்டார். தாணுமாலையன் பிள்ளையின் வாயிலிருந்து, "அண்ணாச்சி உக்காந்துட்டாக," என்று ஒரு சொல் பக்தியோடு வெளிவந்தது.

மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். வடிவம்மாள் கெண்டியைச் சாய்த்தாள். தண்ணீர் வழிந்து முடிந்தது. "கையை விடலாம் பிள்ளைவாள்," என்றார் சாஸ்திரிகள். சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னார். மூன்றாந் தடவை சொன்னபிறகு பிள்ளை விட்டார்.

கடைசிப் பந்தியில்தான் பெண்ணைப் பெற்றவர் சாப்பிடுவார். பிள்ளை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூக்கிவிட யாரும் அருகில் நிற்கவில்லை. தம்பியே பரிமாறினார். "பத்தியம் முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. இனி உங்க இஷ்டம்." போளி வந்தது, அவியல் வந்தது, நெய் வந்தது. "வை," "வை," என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கூடத்தில் ஆழ்வார்குறிச்சி ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ கயிறு கேட்டார்கள். பிள்ளையின் கை சோற்றைப் பிசைந்தது, பிசைந்ததையே மறுபடி பிசைந்தது.

கூறைப்புடைவையோடு சண்முகசுந்தரி வந்து நிலையருகில் நின்றாள்.

"சாப்பிட்டாச்சாப்பா?"

"ஆச்சு தாயி."

சொல்லிக்கொண்டே இலையை மேலிருந்து கீழாக மடித்தார். மடித்த இலை படியவில்லை. நடுவில் மேடாகப் புடைத்துக்கொண்டு நின்றது. அவள் போகும்வரை பிள்ளை அதன்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.