ஏழாம் பக்கம்

அவ்வளவு சுத்தமான மனிதரை நான் பார்த்ததில்லை. இளம்பிள்ளை ஊர் நூலகத்தில் நூலகர். யார் எழுந்து போனாலும் உடனே மேசையைத் துடைப்பார்.

செத்துப்போன தாசில்தாரின் பழைய காகிதங்களை அவர் வீட்டார் நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதில் 'ரகசியம்' என்று முத்திரை குத்திய அரசுக் கோப்பும் இருந்தது. சாயக்கழிவு பற்றி ரகசியமாகப் புகார் செய்தவர்களின் பெயர்கள். அதையும் எல்லோரும் வாசிக்கும்படி மேசையில் வைத்துவிட்டார் நூலகர். என் தறிக்குப் பாவு நூல் தரும் சாயப்பட்டறை முதலாளி அதைப் படித்தார். மறுநாளே பாவு வரவில்லை, என் தறி நின்றது.

"இதப் போயி வெளிய வெக்கலாமுங்களா?" என்றேன் நூலகரிடம்.

"பொதுச் சொத்துங்க. ஆரு கேட்டாலும் காட்டோணும்," என்று கோப்பை என்னிடமே நீட்டினார்.

ஆறாம் பக்கத்தில் என் பெயர். ஏழாம் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

"இது எங்கீங்க?"

"அதுல எம்பேரு இருந்துச்சுங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்களே."

நான் எழுந்தேன். அவர் துணியை எடுத்தார்.