வீங்கிய நிலத்துக்கு ஒரு சாட்சி

மோப்பம் சார் என்று அலுவலகமே அவரைக் குறிப்பிட்டது. ஆனால் அவர் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கூப்பிட்டிருந்தால் ஏன் கூப்பிட்டோம், யார் சொல்லிக் கூப்பிட்டோம், அதில் நமக்கென்ன ஆதாயம் என்று விளக்கம் கொடுத்தே வயதாகியிருக்கும்.

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறைகளில் நடந்துவந்த ஆங்கிலம்–தமிழ் அகராதி நிறுவனத்தில் அவருக்கு வேலை. ஆங்கில வார்த்தைகளை வாசலிலேயே நிறுத்தி, 'நீ நிஜமான வார்த்தைதானா?' என்று விசாரித்து, கையெழுத்துப் போட்டு உள்ளே விடுவது அவர் பொறுப்பு. தோல் வாசனை படியேறி வரும் அந்த அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் அவருக்கு எழுத்து ஓடாது.

வார்த்தைகளை இப்படிச் சந்தேகிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அகராதித் தொழில் தெரியாது. அந்தத் தொழிலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது சகஜம். அதற்கு 'ஒப்புநோக்குதல்' என்று கௌரவமான பெயரும் உண்டு. ஒப்புநோக்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, உலகத்தில் யார் வாயிலும் இல்லாத ஒரு வார்த்தையைத் தாங்களே உருவாக்கி, பொருளும் எழுதி, நல்ல வார்த்தைகளுக்கு நடுவே உட்கார வைப்பார்கள். இது தூண்டில் வார்த்தை. போட்டி அகராதியில் அது முளைத்தால் தீர்ந்தது கதை. மோப்பம் சாருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எந்தக் கடலிலும் நீந்தாத ஒரு மீனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டி நிறுவனம் அந்த மீனைப் படம் வரைந்து, பத்திரிகையில் அரைப்பக்கத்துக்குச் சிரித்தது. அன்று மாலையே அவர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்து வந்தவரிடம் முதலாளி சொன்னது ஒரே வாக்கியம்: இன்னொரு மீன் வந்தால் உமக்கும் அதே படிக்கட்டுதான்.

ஆகவே மோப்பம் சார் சந்தேகத்தைச் சம்பளத்துக்குச் செய்தார். கொஞ்சம் ஆர்வ மிகுதியால் வீட்டிலும் செய்தார். தையல்காரர் அளவெடுக்கும்போது அவர் டேப்பைப் பிடுங்கி, முதல் அங்குலம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று யோசிப்பார். பள்ளியில் பூகோளம் நடத்தும் அவர் மனைவி, புருஷனின் இந்தக் குணத்தை மழை பெய்யும் மாதத்தைப் போல ஏற்றுக்கொண்டிருந்தார். பெய்யும், நிற்காது, துணியை உள்ளே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஏற்க முடியாத சங்கடம் ஒன்றிருந்தது. மனைவியின் தம்பி அவர்கள் வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தான். முப்பது வயது, கல்யாணமாகவில்லை, சாதுவானவன். அவன் வேலை பார்த்தது சாட்சாத் அந்தப் போட்டி நிறுவனத்தில். அதுவும் இவர் பார்த்த அதே வேலை. ஒரே வீட்டுக் கூரையின் கீழ் இரண்டு மோப்பங்கள். அதனால் சாப்பாட்டு மேசையில் எந்த மொழியிலும் அபூர்வ வார்த்தை பேசக் கூடாது என்று அக்காள் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்.

அதை மீறியவன் மச்சினன்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, நினைவில்லாமல் கேட்பவன் போலக் கேட்டான்.

"அத்தான், ட்யூமுலோஸ் உங்க அகராதியில இருக்கா?"

"அப்படின்னா?"

"சின்னச் சின்னக் குன்றா நிறைஞ்ச நிலம். அதைச் சொல்ற வார்த்தை. அழகா இருக்கு, இல்ல?"

மோப்பம் சார் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். ஒரு வார்த்தையை அழகாக இருக்கிறது என்று சொல்கிறவன் அதை விற்க வந்தவன் என்பது அவர் கொள்கை.

மறுநாள் காலையிலிருந்து விசாரணை தொடங்கியது. பழைய அகராதிகளைக் கீழே இறக்கித் தூசி தட்டினார். வார்த்தை இருந்தது. ஒன்றில் மட்டுமல்ல, பலவற்றில். அதுதான் அவரை உறுத்தியது. எல்லாவற்றிலும் பொருள் ஏறக்குறைய ஒரே மாதிரி: சிறு குன்றுகள் நிறைந்த. பத்துப் பேர் தனித்தனியாக ஒரு சம்பவத்தைப் பார்த்தால் பத்து விதமாகச் சொல்வார்கள். ஒரே மாதிரி சொன்னால் சொல்லிக் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம்.

பூர்வீகத்தையும் தோண்டினார். லத்தீனில் 'டுமுலுஸ்' என்றால் மேடு; புதைத்த இடத்தில் எழுப்பும் மண்மேட்டுக்கும் அதே பெயர். அதற்கும் வேர் தேடிப் போனால் வீங்குவது என்ற பொருளில் ஒரு வினைச்சொல் நிற்கிறது. உடம்பில் வரும் கட்டிக்கு டாக்டர்கள் சொல்லும் 'ட்யூமர்' அந்த வழியில் வந்த பங்காளி. ஆக, குன்று என்பது பூமிக்கு வந்த வீக்கம். இந்த அளவுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதில் அவர் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. லத்தீனில் இந்தச் சொல்லைக் கையாண்டவர் யார் என்று பார்த்தால், ரோமாபுரிப் போர் ஒன்றை எழுதிய பழைய வரலாற்றாசிரியர். மேடுகள் நிறைந்த இடத்துக்கு ஒரு படை வந்து சேர்ந்து, எதிரி ஊரைப் பிடிக்க அங்கே சத்தமில்லாமல் ஒளிந்து கிடந்ததாம். வார்த்தையின் முதல் உத்தியோகமே பதுங்கியிருந்து பாய்வது! இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன எச்சரிக்கை வேண்டும்?

லத்தீன் எப்படியோ போகட்டும், ஆங்கிலத்தில் யார் எழுதினார்கள்? அலுவலகத்தின் சட்டம் இதுதான்: அகராதிக்கு வெளியே, யாராவது ஏதாவது காரியத்துக்காக அந்த வார்த்தையை எழுதியிருக்க வேண்டும். அந்த வாக்கியத்துக்குச் சாட்சி என்று பெயர். கதை, பயணக் குறிப்பு, நில விளம்பரம், எதுவும் ஆகும். ட்யூமுலோஸுக்கு அவர் கைக்கு ஒரு சாட்சியும் சிக்கவில்லை. அகராதியில் பிறந்து, அகராதியில் வளர்ந்து, அகராதியை விட்டு வெளியே காலே வைக்காத வார்த்தை. 'மீன்' என்று ஓரத்தில் எழுதி அடித்தார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. மச்சினன் தூண்டில் போட்டான் என்று முடிவானபின், பதில் தூண்டில் போடாமல் இருப்பது அவருக்குத் தன்மானக் குறைவாகப் பட்டது. முதலாளியிடம் மட்டும் ரகசியமாக அனுமதி வாங்கிக்கொண்டு, அதே குன்று நிலத்துக்கே ஒரு வார்த்தை செய்தார். 'டார்பிலைன்.' பொருள்: படுத்திருக்கும் எருமைக் கூட்டத்தின் முதுகுகளைப் போல் மேடிட்ட (நிலம்). முதுகைக் குறிக்கும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாக ஒரு ஜாதகமும் எழுதினார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு நுணுக்கமாக ஜாதகம் எழுதியதில்லை.

அச்சேறுமுன் பிழை திருத்த எடுத்த அச்சுப் படியிலிருந்து அந்தப் பக்கத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, மறந்து வைத்ததுபோல் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கதவிடுக்கு வழியாகக் கவனித்தார். மச்சினன் வந்தான், பார்த்தான், அதன்மேல் சூடான பாத்திரத்தை வைத்தான், சாப்பிட்டுப் போனான். மறுநாளும் அப்படியே. எவ்வளவு தேர்ந்த நடிகன் என்று மோப்பம் சார் வியந்தார்.

பக்கத்தைப் படித்தது அவன் இல்லை. அவன் அக்காள். பாத்திரத்தின் வட்டக் கறைக்கு நடுவில் எருமைகள் படுத்திருந்தன. வருஷக்கணக்காகக் குன்று நிலத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்ற முடியாமல் தவித்த பூகோள டீச்சருக்கு, இது போதாதா? வகுப்பில் சொன்னார், பிள்ளைகள் கண்ணெதிரே நிலம் அசைபோட்டது. அரையாண்டுத் தேர்வில் கேள்வியாகவே போட்டுவிட்டார்: டார்பிலைன் நிலப்பரப்பை விவரித்துப் படம் வரைக.

மோப்பம் சாரின் அலுவலகத்தில் அகராதியைத் தொகுக்கும் ஆசிரியரம்மாவின் மகளும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். தூண்டில் விஷயம் ஆசிரியரம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பதுதான் தூண்டிலின் தர்மம். அவர் கேள்வித்தாளை ஆட்டிக்கொண்டு படியேறி வந்தார். பல வருஷங்களில் முதல்முறையாகச் சுடச்சுட ஒரு சாட்சி, அதுவும் ஒரு தேர்வுத்தாளிலிருந்து! பக்கத்து அறையில் தட்டச்சு செய்தவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மோப்பம் சாரின் முகம் தூசி தட்டாத அகராதியின் நிறத்துக்கு வந்தது.

மதியம் முதலாளி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உமக்கும் எனக்கும் தெரிஞ்ச வார்த்தை. இன்னும் அச்சாகவே இல்ல. பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போச்சு?"

உண்மையைச் சொன்னால், அச்சுப் படி போட்டி ஆள் குடியிருக்கும் வீட்டு மேசையில் கிடந்ததைச் சொல்ல வேண்டும். படிக்கட்டு அவர் காலுக்கடியில் தெரிந்தது. மோப்பம் சார், தொழில் வாழ்க்கையிலேயே மிகத் துணிச்சலான ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"நான் அதை உண்டாக்கல போலிருக்குங்க. எங்கேயோ படிச்சதுதான் கைக்கு வந்திருக்கு. நிஜமான வார்த்தைதான்."

முதலாளி அவரை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் நன்றாக அறிவார்; தினமும் கண்ணாடியில் பார்ப்பது. "அப்போ நிஜம்னு கையெழுத்துப் போடும்" என்றார் முதலாளி. போட்டார். சொந்தக் கையால் வடித்த பொய்க்குச் சொந்தக் கையால் நற்சான்று கொடுத்துவிட்டு, நிஜ வார்த்தையை மீன் என்று அடித்த பக்கத்தின்மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். வேலை தப்பியது.

நாலைந்து நாள் கழித்து மேசையில் மச்சினன் மறுபடி ஒப்பந்தத்தை மீறினான். அவன் நிறுவனத்துக்கும் அந்தக் கேள்வித்தாள் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களுக்கும் சாட்சி என்றால் சாட்சிதான்.

"அத்தான், டார்பிலைனைச் சேர்க்கச் சொல்றாங்க. நான்தான் கையெழுத்துப் போடணும். எனக்கென்னவோ மனசு ஒப்பல. அக்கா உங்க பேப்பர்ல பார்த்தேன்னு சொல்லுது. நீங்க சொன்னா போட்டுடறேன்."

மோப்பம் சார் தட்டைப் பார்த்தார். இது சோதனையாக இருக்கலாம். பொய் என்று சொன்னால், இவன் அதை அலுவலகத்தில் சொன்னால், நாளைக்குப் பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு எருமை படுத்திருக்கும். கீழே இவர் கையெழுத்து. நிஜம் என்று சொன்னால் இவன் நம்பிக் கையெழுத்துப் போடுவான். என்றாவது குட்டு உடைந்தால் குடையை எடுத்துக்கொண்டு நடக்கப்போவது இவன். நிஜமாகவே நம்பித்தான் கேட்கிறானா? முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதில் தேடித் தேடிப் பார்த்தும் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இவன் இந்தத் தொழிலில் எப்படிப் பிழைக்கிறான் என்று அவருக்குக் கவலையாக இருந்தது.

"போடாத மாப்ளே" என்றார்.

மச்சினன் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டான். கரண்டியைக் கீழே வைத்தது மனைவிதான்.

"அப்போ நான் அத்தனை பிள்ளைங்களுக்கும் என்னத்தைங்க சொல்லிக் குடுத்தேன்?"

"அந்த நிலத்துக்கு வேற வார்த்தை இருக்கு" என்றார். "உன் தம்பிகிட்ட கேட்டுக்கோ. அது நிஜமானது."

அன்று முதல் அவர் மச்சினனைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டார் என்று யாராவது எதிர்பார்த்தால், அவர்கள் மோப்பம் சாரை அறியாதவர்கள். அதுவரை காரணமில்லாமல் சந்தேகித்தார். இப்போது அவருடைய பிழைப்பே அவன் வாயில் இருக்கிறது. காலையில் அவன் செருப்பை மாட்டும்போது ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி, எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்க்கிறார். அவனும் திரும்பிக் கையசைத்துவிட்டுத்தான் போகிறான்.