அஞ்சலாட்சி தண்ணீர் ஊற்றிய வீடுகள்

சாரம் பகுதியில் குடியிருக்கும் அஞ்சலாட்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய அப்பா மில் தொழிலாளி. இவர் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தார். இருபத்தாறு வருடமாக, மற்றவர்கள் கட்டியதைச் சோதித்துப் பார்ப்பதுதான் வேலை.

போன வருடம் இரண்டாயிரம் அடுக்குமாடி வீடுகளின் குளியலறைத் தரை அவர் பொறுப்பில் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வடிகால் துளைக்குப் போக வேண்டும். மூலையில் தேங்கினால் தரையின் சரிவு, அதாவது வாட்டம், சரியில்லை. நூற்றுக்குப் பத்து வீட்டுக்கு மேல் தேங்கினால், கட்டிய நிறுவனம் இரண்டாயிரம் வீட்டையும் சோதித்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

நிறுவனத்தின் இன்ஜினியர் வெற்றிவேல் பத்து வீடுகளைத் திறந்து காட்டினார். எதிலும் தேங்கவில்லை.

“முடிஞ்சிது மேடம், கையெழுத்து போட்டுடுங்க.”

“மொத்தத்துல கால்வாசி தேங்குனாலும் பத்து வீட்ல ஒண்ணுகூட மாட்டாம போவலாம், வெற்றிவேல். அதுவும் இது நீங்க பொறுக்குன பத்து.”

வீட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி நூறு எடுத்தார். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. வாளியோடு நாலு மாடி ஏறி இறங்கினார். பதினான்கு வீட்டில் தேங்கியது.

“அப்போ பதினாலு. பத்தத் தாண்டிடிச்சா?” வெற்றிவேலின் குரல் இறங்கிப் போனது.

“தெரியல. நெசம் எட்டாவும் இருக்கலாம், இருவதாவும் இருக்கலாம். இந்த இடைவெளி பாதியாவணும்னா ஏறக்கொறைய நாலு மடங்கு வீடு பாக்கணும். இன்னும் முந்நூறு.”

வெற்றிவேல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வீடு ஒதுக்கப்பட்டுச் சாவிக்காகக் காத்திருந்தவர்களில் கன்னியம்மாள் ஒருவர். நேரிலேயே வந்து கேட்டார்.

“ஏம்மா, ஒரு சொம்பு தண்ணிக்கா எங்கள இத்தினி நாளு காக்க வெக்கற?”

“இன்னும் நூத்துப் பத்து வீடு பாக்க வேண்டியிருக்கும்மா.”

அது ஆறுதலான பதில் இல்லை என்று அஞ்சலாட்சிக்கே தெரிந்தது. ஆனால் கையில் இருந்த பதில் அதுதான்.

நானூறு வீட்டில் ஐம்பத்தாறு தேங்கியது. மறுபடியும் நூற்றுக்குப் பதினான்கு. ஆனால் இப்போது நிஜம் பதினொன்றுக்கும் பதினேழுக்கும் நடுவில். பத்துக்குக் கீழே போக ஏறக்குறைய வழியில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். நிறுவனம் எல்லா வீட்டையும் சோதித்து, தேங்கிய தரைகளைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டது. சாவி கொடுக்க நாலு மாதம் தாமதமானது.

குடிவந்த பிறகு கன்னியம்மாள் அஞ்சலாட்சியிடம் சொன்னார்: “எங்கூட்டுத் தரய யாரும் தொடவே இல்ல. மொதல்லயே நல்லாத்தான் இருந்திச்சாம்.”

“இருந்திருக்கும்மா,” என்றார் அஞ்சலாட்சி. காத்திருந்த கன்னியம்மாளின் கோபத்தில் தப்பில்லை என்றே அவருக்குப் பட்டது. அந்த அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.