வீரம்மாவின் இடது கை

கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வீரம்மாவைத் தெரியாதவர் கிடையாது. கை வேகத்தில் பெரியவளா, வாய் வேகத்தில் பெரியவளா என்று சொல்வது கஷ்டம். பதினொரு வயதில் கொழுந்துக் கூடை எடுத்தவள், ஐம்பத்தைந்து வயதிலும் இளசுகளை முந்திக்கொண்டு செடி நிரையில் போனாள். பெற்ற மூன்றையும் கட்டிக்கொடுத்துவிட்டு, தொழிலாளர் லயத்தில், காம்பிரா என்கிற ஒற்றை அறையில் கணவன் இராமையாவோடு நிம்மதியாக இருந்தாள். இனிப்பென்றால் மட்டும் உயிர். தேத்தண்ணிக்குள் கரண்டி விழாமல் நிற்கிற அளவுக்குச் சீனி போட வேண்டும் என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் அவளை ஒரு தாகம் பிடித்தது. எத்தனை செம்பு குடித்தாலும் அடங்கவில்லை. உடம்பும் மெலிந்தது. மலை ஏறி இறங்குகிறவள் மெலியாமல் பின்னே ஊதிப்போவாளா என்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய இரண்டாம் நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்றபோது அவளுடைய இடது கை தானாக எழுந்து வீசியது. வீசிய வீச்சில் கங்காணி ஆண்டியப்பனின் தலைப்பாகை பறந்து சேற்றில் விழுந்தது. வேறு நாளாயிருந்தால் கங்காணி குதித்திருப்பார். அன்றைக்கோ இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"ஆத்தா வந்துட்டா!" என்று கத்தினாள் ராசம்மா. பக்கத்துக் காம்பிராக்காரி, நிரையிலும் எப்போதும் பக்கத்தில் நிற்பவள்.

வீரம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தேகம்தான். சாமி வந்தால் தன்னினைவு இருக்காது என்பார்கள். அவளுக்கோ அடுப்பில் போட்டுவிட்டு வந்த பருப்பு வரைக்கும் நினைவிருந்தது. ஆனால் ராசம்மா ஓடிப்போய்க் கருப்பட்டி கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் கொண்டுவந்த பானகம் தொண்டையில் இறங்கியபோது சொர்க்கமாக இருந்தது. இன்னொரு செம்பு கேட்டாள். "பாத்தீங்களா, ஆத்தாவுக்குத் தாகம்!" என்றார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு முறைதான், அதுவும் தப்பான நேரத்தில்.

பிறகு தினமும் பானகம் வந்தது. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது, கையின் ஆட்டமும் கூடியது. கூட்டம் குறி கேட்டது. மாடு காணோம் என்று வந்தவனிடம், "கட்டி வச்சா ஏன்டா ஓடுது?" என்றாள். அதையும் அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரம் ஆயிற்று. சேலை கட்ட முடியவில்லை. கை சுவரில் மோதி மோதிக் கன்றிப்போனது. கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும். ஒற்றைக் கைக்காரிக்கு நிரையில் இடமில்லை. இனி மலைக்கே போக முடியாதோ என்று சும்மா கிடந்த கூடையை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்து எழுந்ததும் இராமையா கேட்டான். "ஏ புள்ள, நீ தூங்கினா கையும் தூங்குது. ஆத்தாவுமா ஒன்னோட படுத்துக்கிறா?"

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணுமில்லங்க. எனக்குப் பயமாருக்கு" என்று அழுதுவிட்டாள்.

ஆனாலும் தாகத்துக்குப் பானகம் வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கருப்பட்டி வாங்க இருவரும் கந்தப்பளைக் கடைத்தெருவுக்கு இறங்கினார்கள். தோட்டத்து ஆட்கள் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மீராசாஹிப்பின் கடையில் வீரம்மா தண்ணீர் கேட்டாள். மூன்று செம்பு குடித்துவிட்டு நாலாவதுக்கு நீட்டினாள். மீராசாஹிப் தராசைக் கீழே வைத்தார். அவருக்குப் பத்து வருஷமாகச் சீனி வியாதி.

"இந்தத் தாகம் நமக்குத் தெரியும். கேக்கிறேன்னு தப்பா எடுக்காதீங்க வீரம்மா, ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதா?"

"மொய்க்குது நானா. ஆத்தா கால் பட்ட எடம்னு மஞ்சத்தண்ணி தெளிச்சு வச்சிருக்கோம்" என்றான் இராமையா.

மீராசாஹிப் சிரிக்கவில்லை. கட்டி முடித்த கருப்பட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மறுபடியும் பெட்டிக்குள் போட்டார். "இத நான் விக்க மாட்டேன். நாளைக்கே மருந்துக்காரய்யாகிட்டப் போங்க."

மறுநாள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் மருந்துக்காரய்யா அவளுடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. சீனி உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். "சீனிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் சரியாத் தெரியாதும்மா. முதல்ல சீனிய எறக்கிப் பாப்போம்."

ஊசி போட்டார்கள். இனிப்பை நிறுத்தினார்கள், அதுதான் ஊசியைவிட வலித்தது. முதலில் தாகம் விட்டது. ஐந்தாம் நாள் வீச்சு குறைந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் கண்விழித்தவள், விழித்த பிறகும் கை மடியில் சும்மா கிடப்பதைக் கண்டாள். அதை வலது கையால் தடவித் தடவி, பக்கத்துக் கட்டில்காரி பதறும்படி அழுதாள். அவ்வளவும் சந்தோஷம்.

லயத்துக்குத் திரும்பியதும் எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். "அது வியாதி. தெரிஞ்சும் தெரியாம இருந்துட்டேன், மன்னிச்சுக்கங்க."

ராசம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஊசி போட்டு ஆத்தாவ வெரட்டிப்புட்டியேடி!"

"போனா போறா. கொழுந்து பறிக்க ஆத்தாவா வருவா?"

ராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரம் பேச்சே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வீரம்மா மலைக்குப் போனாள். பக்கத்து நிரையில் ராசம்மா. முதல் செடியில் வீரம்மா இடது கையை மெல்ல வைத்துப் பார்த்தாள். பிறகு விரல்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ராசம்மா காலை முழுக்க அந்த இடது கையையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் வீரம்மா நாலு செடி முன்னால் போய்விட்டாள்.

"அடியே வீரம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆத்தா இன்னும் ஒன்ன விட்டுப் போகலடி."

வீரம்மா சிரித்துக்கொண்டே ஐந்தாவது செடிக்குப் போனாள்.