அரைத்தூக்கம் சொன்ன குறைநிறைகள்

அந்தக் கம்பெனியின் ஓட்டுநர்கள் ஆறு பேரில் அவருக்கு மட்டும்தான் பட்டப்பெயர்: அரைத்தூக்கம். பிறவியிலேயே இடது இமை பாதி இறங்கியிருக்கும். பார்வையில் ஒரு குறையும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. பெயர் வைத்தவர்களில் பாதிப்பேர் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டியவர்கள்.

அவர் மனைவியின் தம்பி அதே கம்பெனியில், வண்டிப் பிரிவில் எழுத்தர். அவர் கையைக் காலைப் பிடித்து வாங்கிக்கொடுத்த வேலை. ஒருநாள் காலை அவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோது நோட்டும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, புது வண்டி அஞ்சு வாங்கப் போறாங்க. எந்த வசதி உதவுது, எது சும்மா தொல்லைன்னு ஓட்டுறவங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. பேரு எதுவும் போடமாட்டேன்."

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அப்படி ஒரு அபிப்பிராயம் கேட்டதில்லை. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பின்னாடி கேமரா இல்லாம இனி வண்டியே வாங்கக்கூடாது. பக்கக் கண்ணாடியில மஞ்சள் விளக்கு எரியுது பாரு, பைக்குக்காரன் ஒட்டி வந்தா காட்டிக் குடுத்துடும், அதுவும் வேணும். ஏசி மட்டும் பழையபடி திருகுற மாதிரி இருக்கட்டும். இப்ப காத்தைக் குறைக்கத் திரையில மூணு இடத்துல தொடணும். அதுக்குள்ள முன்னாடி போறவன் பிரேக் அடிச்சுடுறான்."

"அந்தத் தூக்க அலாரம்?"

"ஸ்டியரிங் பக்கத்துல இருக்க கேமரா என் கண்ணைப் பாத்து, தூங்குறேன்னு நினைச்சுக் கத்துது மாப்ள. பின்னாடி உக்காந்திருக்கவங்க பயந்துடுறாங்க. இமையை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டா ஓட்ட முடியும்? அந்தக் கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான்.

மறுவாரம் மேலாளர் கூப்பிட்டார். மேசைமேல் அறிக்கை கிடந்தது. அதில் மஞ்சள் விளக்கும் இல்லை, ஏசியும் இல்லை. அவருடைய பெயர், இமை, பிளாஸ்திரி, அவ்வளவுதான். கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வருகிறேன் என்று மன்றாடினார்.

"கேமராவை மூடினதுக்கு எந்த டாக்டர் சான்றிதழ் தருவார்?" என்றார் மேலாளர்.

நாளையிலிருந்து ஸ்டோர் ரூமில் வேலை, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது மைத்துனன் போனை நோண்டிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. வண்டிப் பிரிவு மேற்பார்வையாளர் இனி அவன்தான் என்று வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது. வண்டி போனதைக்கூட அவரால் பொறுக்க முடிந்தது. கூடச் சேர்ந்து சிரித்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க, மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவன் முன்னேற வேண்டாமாங்க? உங்களுக்கும் உக்காந்து பாக்குற வேலைதானே." மடித்த சட்டையை ஒருமுறை நீவிவிட்டாள். "கேட்டா வாயைத் திறப்பாரான்னு பயந்தான். மரியாதையா அபிப்பிராயம் கேளு, எல்லாத்தையும் சொல்லிடுவாருன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."