நானும் கட்டியிருக்கிறேன்

"குறியீடு ஏறும், சந்தேகமில்லை." 1996 ஐப்பசியில் என் நாட்குறிப்பில் எழுதிய வரி இது.

பங்கே வாங்காமல், மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் பழக்கம் அப்போது எங்கள் திருநெல்வேலியில் ரகசியமாக இருந்தது. குறியீட்டைத் தினமும் எழுதிவைப்பவன் என்பதால், பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த சுடலை என்னிடம் யோசனை கேட்டார். ஏறும் என்றேன்.

"நீங்க கட்டிருக்கியளா அண்ணாச்சி?"

"கட்டாமலா சொல்லுதேன்வே?"

நான் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. என் கணிப்பை அவர் சந்தேகிக்கக் கூடாதே என்ற வீம்பு.

புது லேத்துக்கு வைத்திருந்த பணத்தை அவர் கட்டினார். குறியீடு சரிந்தது. மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார்.

"உங்களுக்கும் போச்சே அண்ணாச்சி. வீட்ல சொல்லிட்டியளா? பைய சொல்லுங்க. வேணும்னா நானும் கூட வாரேன்."

அப்போதும் உண்மையைச் சொல்லாமல் தலையாட்டினேன்.

பட்டறையை அவர் விற்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எதையும் விசாரித்தே நாட்குறிப்பில் எழுதும் நான், அதை மட்டும் இன்றுவரை விசாரிக்கவில்லை.